இயற்கை எரிவாயு: கசிவுக் கணக்கும் கப்பல் கணக்கும்

2011 ஏப்ரலில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹோவர்த்தும் அவருடைய சகாக்கள் இருவரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். பாறையை உடைத்து எடுக்கும் ஷேல் எரிவாயுவில் 3.6 முதல் 7.9 சதவீதம்வரை காற்றோடு போய்விடுகிறது. அந்தக் கசிவையும் சேர்த்து இருபதாண்டுக் கணக்குப் போட்டால், புவியைச் சூடாக்குவதில் அது நிலக்கரிக்குக் குறைந்ததல்ல என்றது கட்டுரை. இரண்டு மாதம் கழித்து ஜூனில், பாரிஸிலிருக்கும் சர்வதேச எரிசக்தி முகமை ஓர் அறிக்கை கொண்டுவந்தது. எரிவாயுவின் பொற்காலத்துக்குள் நுழைகிறோமா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். கேள்விக்குறி மரியாதைக்காகப் போட்டது. உள்ளே இருந்த பதில் ஏறக்குறைய ‘ஆம்’தான். ஆனால் அந்தப் பொற்காலம் அப்படியே வந்தால்கூடப் புவியின் வெப்பம் 3.5 டிகிரிக்கு மேல் உயரும் என்று அதே அறிக்கை சொல்லியிருந்ததை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு. எரிவாயு நல்லதா கெட்டதா என்று அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு தாள்களுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எரிவாயு நிலக்கரியை விரட்டிய இடங்களில் அது செய்த நன்மை உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நன்மை வாயுவோடு கூடப் பிறந்ததில்லை. பக்கத்திலேயே கிணறு, தரைவழிக் குழாய், மூடும் வயதை எட்டிவிட்ட நிலக்கரி நிலையங்கள், கசிவைக் கண்காணிக்க ஆள் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தபோதுதான் கணக்கு நேரானது. ஆசியாவில் பெரும்பாலான நாடுகளுக்கு இவற்றில் பாதிகூட வாய்க்கவில்லை. அங்கே பொற்காலம் கப்பலில் ஏறி வர வேண்டியிருந்தது.

முதலில் அடிப்படை. இயற்கை எரிவாயுவில் மிகப் பெரும்பகுதி மீத்தேன். நம் வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருப்பது வேறு. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, அழுத்தினால் அறை வெப்பநிலையிலேயே திரவமாகிவிடும். மீத்தேன் அப்படி எளிதில் பணியாது. சி.என்.ஜி. ஆட்டோவில் அழுத்தி அடைப்பதும், இப்போது சில நகரங்களில் குழாய்வழி வீட்டுக்கு வருவதும் இந்த மீத்தேன்தான். ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரி 95 கிலோ கரியமில வாயுவை விட்டால், இது 56 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது. மின் நிலையத்துக்குப் போனால் இடைவெளி இன்னும் அகலமாகும். கூட்டுச் சுழற்சி நிலையம் என்று சொல்லப்படும் அமைப்பில், விமான எஞ்சினின் உறவுக்காரனான ஒரு டர்பைனில் வாயு எரிகிறது; அதிலிருந்து வெளிவரும் சூட்டுக் காற்றை வீணாக்காமல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியால் இரண்டாவது டர்பைனைச் சுழற்றுகிறார்கள். எரிபொருளில் உள்ள ஆற்றலில் 55 முதல் 60 சதவீதம்வரை மின்சாரமாகிவிடுகிறது. பழைய அனல்மின் நிலையத்தில் இது 35 சதவீத அளவில் நிற்கும். ஆக, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி 900 முதல் 1,000 கிராம் கரியமில வாயு, எரிவாயு 350 முதல் 400 கிராம். கந்தகம் அநேகமாக இல்லை. சாம்பல் அறவே இல்லை. அதன் அருமையை அனல்மின் நிலையங்களை ஒட்டி எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நன்மை காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2005இல் அந்த நாட்டின் மின்சாரத்தில் பாதி நிலக்கரியிலிருந்து வந்தது. 2023இல் 16 சதவீதம்தான். அதே காலத்தில் எரிவாயுவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்குக் கீழிருந்து 43 சதவீதத்துக்கு ஏறியது. மின் துறையின் கரியமில வாயு வெளியேற்றம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. காற்றாலைக்கும் சூரிய ஒளிக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும் பெரிய பங்கு எரிவாயுவுக்கே. இதை யாரும் பருவநிலையை மனத்தில் வைத்துத் திட்டமிட்டுச் செய்யவில்லை. டெக்சஸின் பார்னெட் பாறைப் படுகையில் ஜார்ஜ் மிட்செல் என்ற எண்ணெய்க்காரர் பல ஆண்டுகள் விடாப்பிடியாகப் பாறையை நீரழுத்தத்தால் பிளந்து பார்த்தார். கடைசியில் வாயு வந்தது, விலை விழுந்தது, வயதான நிலக்கரி நிலையங்களுக்குப் போட்டியிட முடியவில்லை. பிரிட்டனில் கதை சற்று வேறு. 2012இல்கூட அங்கே 40 சதவீத அளவு மின்சாரம் நிலக்கரியில் வந்துகொண்டிருந்தது. கரிமத்துக்கு விலை வைத்தார்கள், கடலில் காற்றாலை நட்டார்கள், இடைவெளியை வடகடல் வாயு நிரப்பியது. 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையம் நின்றபோது, நிலக்கரி மின்சாரத்தைத் தொடங்கிவைத்த நாட்டில் நிலக்கரி மின்சாரமே இல்லாமல் போயிற்று.

இனி கசிவு. மீத்தேன் எரிந்தால்தான் மேற்சொன்ன கணக்கு. எரியாமல் காற்றில் கலந்தால் வேறு கணக்கு. ஒரு டன் மீத்தேன், காற்றில் கலந்த முதல் இருபது ஆண்டுகளில் ஒரு டன் கரியமில வாயுவைப்போல 82.5 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நூறாண்டுக்குப் பரப்பிப் பார்த்தால் 29.8 மடங்கு. இவை பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டில், படிம எரிபொருளிலிருந்து வரும் மீத்தேனுக்குச் சொல்லப்பட்ட எண்கள். இரண்டு எண் ஏன்? மீத்தேன் 12 ஆண்டு அளவில் சிதைந்துவிடுகிறது. கரியமில வாயுவில் ஒரு பகுதியோ நூற்றாண்டுகள் தாண்டியும் போகாது. எந்த எண்ணை எடுப்பது என்பதில் விஞ்ஞானம் பாதி, வழக்கறிஞர் வேலை பாதி. எரிவாயு நிறுவனங்கள் நூறாண்டு எண்ணையே எடுக்கும். எதிர்ப்பவர்கள் இருபதாண்டு எண்ணைவிட்டு இறங்க மாட்டார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. அடுத்த இருபது முப்பது ஆண்டில் நடக்கப்போவதைப் பற்றிக் கவலைப்படுபவர் இருபதாண்டு எண்ணைப் புறக்கணிக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஒரே ஒரு யூனிட் மின்சாரத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். நல்ல கூட்டுச் சுழற்சி நிலையம் ஒரு யூனிட்டுக்கு 135 கிராம் அளவு மீத்தேனை எரிக்கிறது. புகைபோக்கியில் 370 கிராம் கரியமில வாயு போகிறது. கிணற்றிலிருந்து நிலையம்வரை 3 சதவீதம் கசிந்திருந்தால், அது 4 கிராமுக்குச் சற்று மேல். கேட்கச் சின்ன அளவு. நூறாண்டு எண்ணால் பெருக்கினால் 125 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம். மொத்தம் 500ஐத் தாண்டாது. இருபதாண்டு எண்ணால் பெருக்கினால் அந்த 4 கிராமே 340 கிராமுக்கு மேலாகி, மொத்தம் 700ஐத் தாண்டிவிடும். கசிவு 5 சதவீதமானால் 950ஐத் தொடும், அதாவது நிலக்கரியின் பக்கத்தில் போய் உட்காரும். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தும் மீத்தேன் வருகிறது என்பதால் நிலக்கரியின் எண்ணும் கொஞ்சம் உயரும். மாறாக, புதிய திறன்மிக்க நிலக்கரி நிலையத்தோடு ஒப்பிட்டால் எரிவாயுவுக்குக் கிடைக்கும் சலுகை சுருங்கும். இத்தகைய எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ரமோன் அல்வரெஸும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் 3.2 சதவீதம் என்றொரு கோடு கிழித்தார்கள். கசிவு அதற்குக் கீழிருந்தால், எரிவாயு நிலையம் முதல் நாளிலிருந்தே நிலக்கரியைவிட மேல். பருவநிலை விஞ்ஞானி டாம் விக்லி 2011இலேயே இன்னொரு சிக்கலைக் காட்டியிருந்தார். நிலக்கரிப் புகையின் கந்தகத் துகள்கள் சூரிய ஒளியைத் திருப்பியனுப்பி ஓரளவு குளிர்விக்கின்றன. நிலக்கரியை நிறுத்தினால் அந்தக் குடையும் மடங்கும். எனவே எரிவாயுவுக்கு மாறியதன் பலன் வெப்பமானியில் தெரியவே சில பத்தாண்டுகள் ஆகலாம். நுரையீரலுக்கு நல்லதைச் செய்துவிட்டு வெப்பநிலையில் உடனடிப் பலன் கிடைக்காத விசித்திர நிலைமை.

சரி, எங்கிருந்து கசிகிறது? குழாய் உடைந்து பீறிடும் காட்சிதான் நம் மனத்தில் வரும். உண்மையில் கசிவில் ஒரு பகுதி இயந்திரங்கள் அப்படித்தான் வேலைசெய்ய வேண்டும் என்று வடிவமைத்ததால் வருவது. மின்கம்பி எட்டாத கிணற்றுத் தளங்களில் வால்வுகளைத் திறந்து மூடக் குழாயிலிருக்கும் வாயுவின் அழுத்தத்தையே பயன்படுத்துகிறார்கள்; வால்வு அசையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வாயு ‘புஸ்’ஸென்று வெளியே போகும். ஒரு தளத்தில் இது ஒன்றுமில்லை. நாடு முழுக்க இத்தகைய கருவிகள் லட்சக்கணக்கில். கம்ப்ரஸர் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் கசியும். எண்ணெய்த் தொட்டியின் மேல்மூடியை அளவெடுக்கத் திறந்தவர் சரியாக மூடாமல் இறங்கினால் கசியும். எரிகோபுரத்தின் தீ காற்றில் அணைந்து, யாரும் பார்க்காமல் விட்டால், வாயு அப்படியே மேலே போகும். மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வீட்டுக் குழாயில் நாம் முகரும் நாற்றம் பாதுகாப்புக்காகச் சேர்ப்பது. வெறுங்கண்ணுக்குச் சாதுவாக நிற்கும் தொட்டியை அகச்சிவப்புக் கேமரா வழியே பார்த்தால், அதன் தலையிலிருந்து கரும்புகை பொங்கி வழிவது தெரியும்.

கருவிகளை எண்ணி, ஒன்றுக்கு இவ்வளவு கசியும் என்று பெருக்கித்தான் அரசாங்கங்கள் கணக்கெழுதிவந்தன. விமானத்திலும் வண்டியிலும் போய்க் காற்றையே அளந்தவர்களுக்கு வேறு எண் கிடைத்தது. அல்வரெஸ் குழுவின் 2018ஆம் ஆண்டு ஆய்வு, அமெரிக்க உற்பத்தியில் 2.3 சதவீதம் கசிகிறது என்றது; அரசின் மதிப்பீட்டைவிட 60 சதவீதம் அதிகம். 2024இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, அமெரிக்காவின் ஆறு வயல்களை விமானத்திலிருந்து அளந்து, வயலுக்கு வயல் 0.75 சதவீதத்திலிருந்து 9.63 சதவீதம்வரை வேறுபடுவதைக் காட்டியது. 2011இல் ஹோவர்த்தைப் பார்த்து மிகைப்படுத்துகிறார் என்றவர்களும் தோற்கவில்லை, அவரும் தோற்கவில்லை. எந்த வயலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதுதான் கேள்வியாயிற்று. எரிவாயு என்ற ஒற்றைப் பொருளுக்கு ஒற்றை வெளியேற்ற எண் கொடுக்கும் எந்த அறிக்கையையும் இதற்குப் பிறகு நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

பெரிய விபத்துகள் செய்தியாகின்றன. 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலீஸின் ஓரத்திலிருக்கும் அலிசோ கேன்யன் நிலத்தடிக் கிடங்கில் ஒரு கிணறு விட்டுப்போய், அதை அடைக்க 2016 பிப்ரவரி ஆயிற்று. 97,000 டன் அளவு மீத்தேன் போயிற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. 2022 செப்டம்பர் 26 அன்று பால்டிக் கடலடியில் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் வெடித்துச் சிதறியபோது 4 லட்சம் டன்னுக்கு மேல் கொப்பளித்து வெளியேறியது. ஒரே நிகழ்வில் இவ்வளவு போனது அதற்கு முன் பதிவானதில்லை. ஆனால் உலகின் எண்ணெய், எரிவாயுத் தொழில் சத்தமில்லாமல் ஆண்டுக்கு விடுவது ஏறக்குறைய 8 கோடி டன். அதாவது நார்ட் ஸ்ட்ரீமில் போனது, இந்தத் தொழில் வழக்கமாக இரண்டு நாளில் விடும் அளவு. 2017இல் ஏவப்பட்ட ஐரோப்பிய செயற்கைக்கோள் ஒன்றின் டிரோபோமி என்ற கருவி, துர்க்மெனிஸ்தானின் கசிவுகளை விண்ணிலிருந்தே காட்டத் தொடங்கியது. கசிவை இன்னும் நுணுக்கமாக அளப்பதற்கென்றே 2024 மார்ச்சில் அனுப்பிய மீத்தேன்சாட், பதினைந்து மாதத்தில் தொடர்பற்றுப் போனது பெரிய இழப்பு.

இங்கே ஒரு நியாயம் பேசியாக வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு 730 அளவில் இருந்த மீத்தேன், இப்போது 1,900ஐத் தாண்டிவிட்டது. 2000ஐ ஒட்டிய சில ஆண்டுகள் ஏறாமல் நின்று, 2007க்குப் பிறகு மறுபடியும் ஏறத் தொடங்கியது. ஷேல் வாயு பெருகிய காலமும் அதுவே என்பதால் பழியை அதன்மேல் போடுவது எளிது. ஆனால் அந்தக் காலத்தில் காற்றிலுள்ள மீத்தேனின் கார்பன் ஐசோடோப்பு விகிதம், நுண்ணுயிர்கள் உண்டாக்கும் மீத்தேனின் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சதுப்பு நிலம், மாட்டின் வயிறு, குப்பைமேடு, நெல்வயல் இவையெல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. மனிதர்களால் வெளியேறும் மீத்தேனில் 40 சதவீதம் விவசாயம், 35 சதவீதம் படிம எரிபொருள், மீதியில் பெரும்பகுதி குப்பையும் கழிவுநீரும். மாட்டை அசைபோடாதே என்று சொல்ல முடியாது. வால்வை மாற்று என்று சொல்லலாம். படிம எரிபொருள் கசிவில் 40 சதவீதத்தை நிகரச் செலவில்லாமலே நிறுத்திவிடலாம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. பிடித்த வாயுவை விற்றால் செலவு திரும்பிவிடும்.

அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை? டெக்சஸின் பெர்மியன் படுகைக்குப் போனால் காரணம் தெரியும். அங்கே கிணறு தோண்டுவது எண்ணெய்க்காக. வாயு கூடவே வரும் தொல்லை. அதைக் கொண்டுபோகக் குழாய் போதாததால், 2024இல் பல நாள்கள் அந்த வட்டாரச் சந்தையான வாஹாவில் எரிவாயுவின் விலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. விற்பவரே பணம் கொடுத்து எடுத்துக்கொண்டு போகச் சொன்ன பொருளை, பிடித்து விற்று லாபம் பார் என்றால் யார் கேட்பார்கள்? உலக வங்கியின் கணக்குப்படி 2023இல் கிணற்றடியில் வீணே எரித்த வாயு 14,800 கோடி கன மீட்டர். இந்தியா ஓராண்டுக்குப் பயன்படுத்துவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நார்வே 1970களின் தொடக்கத்திலேயே இப்படி எரிக்கத் தடைபோட்டுவிட்டது. அங்கேயும் எண்ணெய் எடுக்கிறார்கள், லாபமும் பார்க்கிறார்கள். 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில், 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்போம் என்ற உறுதிமொழி அறிவிக்கப்பட்டு, இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. சீனாவும் ரஷ்யாவும் சேரவில்லை. நெல்லும் கால்நடையும் சிறு விவசாயிகளின் பிழைப்பு என்று சொல்லி இந்தியாவும் ஒதுங்கிக்கொண்டது. அமெரிக்கா 2022இல் கசிவுக்குக் கட்டணம் விதித்துச் சட்டம் செய்தது. 2025இல் ஆட்சி மாறியதும் அது முடக்கப்பட்டது. தொழில்நுட்பம் கையில் இருக்கிறது. கட்டாயம்தான் இல்லை.

குழாய் போகாத இடத்துக்கு வாயு கப்பலில்தான் போக வேண்டும். மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் மீத்தேன் திரவமாகி, 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். எல்.என்.ஜி. என்பது இதுதான். சொல்லும்போது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. செய்வதற்கோ வந்த வாயுவில் பத்தில் ஒரு பங்கு அளவைக் குளிரூட்டலுக்கே செலவழிக்க வேண்டும். கப்பலில் போகும்போதும் திரவம் சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியை எஞ்சினில் எரித்துக் கப்பலை ஓட்டுகிறார்கள். சில வகை எஞ்சின்களில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுகிறது. இவ்வளவையும் சேர்த்து ஹோவர்த் 2024இல் மறுபடியும் ஒரு கணக்கு வெளியிட்டார். அமெரிக்காவிலிருந்து கப்பலேறும் எல்.என்.ஜி., இருபதாண்டுக் கணக்கில் நிலக்கரியைவிட 33 சதவீதம் மோசம் என்றார். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகம் 2019இல் போட்ட கணக்கு, ஆசியாவுக்குப் போனாலும் எரிவாயுவே மேல் என்று சொல்லியிருந்தது. எந்த வயலின் வாயு, எவ்வளவு தூரம், எந்தக் கப்பல், எத்தனை ஆண்டு என்பதை மாற்றினால் விடை மாறும். இதில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: குழாய்வழி வரும் வாயுவுக்கு இருந்த தாராளமான இடைவெளி கப்பலில் ஏறியதும் மெலிந்துவிடுகிறது.

ஆசியாவைப் பொறுத்தவரை வெளியேற்றத்தைவிட முன்னதாக விலைதான் முடிவைச் சொன்னது. ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த 2022இல், ஐரோப்பா குழாய்வழி இழந்ததைக் கப்பல் சந்தையில் அள்ளிக்கொண்டது. அந்த ஆகஸ்டில் ஐரோப்பிய விலை மெகாவாட்-மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. ஜெர்மனி வில்ஹெல்ம்ஸ்ஹாஃபென் துறைமுகத்தில் ஒரு வருடத்துக்குள் மிதக்கும் முனையத்தை அமைத்தது. பணம் இருந்தவர்கள் குளிர்காலத்தைக் கடந்தார்கள். பாகிஸ்தான் டெண்டர் விட்டபோது விற்க ஒருவரும் வரவில்லை. ஒருகாலத்தில் சொந்த வாயுவிலேயே மின்சாரம் எடுத்துவந்த வங்கதேசம், உடனடிச் சந்தையில் வாங்குவதையே நிறுத்திக்கொண்டது, மணிக்கணக்கில் மின்வெட்டு. அக்டோபர் 4 அன்று மின்தொகுப்பு விழுந்து நாட்டின் பெரும்பகுதி இருண்டது. நிலக்கரியிலிருந்து சூரிய ஒளிக்குப் போக எரிவாயுவைப் பாலமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த நாடுகளுக்கு அறிவுரை சொன்னவர்கள் பல பேர். அந்தப் பாலத்தின் சுங்கச்சாவடியில் பணக்காரருக்கே முதல் வழி என்பதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அடுத்து பாகிஸ்தானில் நடந்ததை எந்த முன்கணிப்பும் எழுதியிருக்கவில்லை. மின்கட்டணம் தாங்காமல் லாகூரிலும் கராச்சியிலும் வீட்டுக்காரர்களும் ஆலைக்காரர்களும் வயல்காட்டு மோட்டார்காரர்களும் சீனத் தகடுகளை வாங்கி மாட்டத் தொடங்கினார்கள். 2024இல் மட்டும் பாகிஸ்தான் ஏறத்தாழ 17,000 மெகாவாட்டுக்கான சூரியத் தகடுகளை இறக்குமதி செய்தது. அரசாங்கம் பெரிதாக எதையும் ஊக்குவித்து வந்த வினையில்லை இது. விளைவாக, கத்தாரோடு ஒப்பந்தம் போட்டு வரவேண்டிய எரிவாயுக் கப்பல்களில் சிலவற்றைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கும் நிலைக்கு இஸ்லாமாபாத் வந்தது. தகடு வாங்க வக்கில்லாத ஏழைகளின் தலையில் மின்தொகுப்பின் நிலையான செலவு ஏறிக்கொண்டிருக்கிறது என்பது அதன் மறுபக்கம். அதைப் பேசாமல் பாகிஸ்தானைக் கொண்டாடுவது சரியில்லை.

சீனா வேறு விதத்தில் பாடம் படித்தது. 2017இல் பெய்ஜிங்கைச் சுற்றிய மாகாணங்களில் புகைமூட்டத்தைக் குறைக்க, வீடுகளில் நிலக்கரி அடுப்பைத் தடைசெய்து எரிவாயுவுக்கு மாறச் சொன்னார்கள். குளிர் வந்துவிட்டது, வாயு போதவில்லை. ஹெபெய் மாகாணத்தின் சில கிராமப் பள்ளிகளில் கணப்பு இல்லாததால் பிள்ளைகளை வெளியே வெயிலில் உட்காரவைத்துப் பாடம் நடத்திய படங்கள் வெளியாகி, அரசு பின்வாங்கித் தற்காலிகமாக நிலக்கரியை அனுமதித்தது.

இந்தியாவில் எரிவாயுவின் வரலாறு பெரும்பாலும் ஏமாற்றத்தின் வரலாறு. அமெரிக்க நிறுவனமான என்ரான் மகாராஷ்டிரத்தில் கட்டிய தபோல் நிலையத்தின் மின்சாரத்தை, விலை கட்டாது என்று மாநில மின் வாரியமே 2001இல் வாங்க மறுத்தது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ரிலையன்ஸ் எடுத்த டி-6 வயல், 2010இல் நாளொன்றுக்கு 6 கோடி கன மீட்டரை எட்டிவிட்டுச் சரசரவென்று சரிந்தது. அதை நம்பிக் கட்டிய மின் நிலையங்கள் அடுப்பெரியாமல் நின்றன. இன்று நாட்டில் 20,000 மெகாவாட்டுக்கு மேல் எரிவாயு நிலையங்கள் இருந்தும், அவை மொத்த மின்சாரத்தில் தருவது 2, 3 சதவீதம். 2024 கோடையில் மாலை நேரத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி, மின்சாரச் சட்டத்தின் 11ஆம் பிரிவைக் காட்டித்தான் மத்திய அரசு அவற்றை ஓட்டவைத்தது. எரிசக்தியில் 6 சதவீதமாக இருக்கும் எரிவாயுவின் பங்கை 2030க்குள் 15 ஆக்குவோம் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. எண் நகரவில்லை. தேவையில் பாதி கப்பலில் வருகிறது. நிலக்கரியோ காலடியில் கிடக்கிறது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான்.

ஆனாலும் எரிவாயு இங்கே பயன்படவில்லை என்று சொல்ல மாட்டேன். 1998இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு டெல்லிப் பேருந்துகளை சி.என்.ஜி.க்கு மாற்றியதில், பேருந்தின் பின்னால் கரும்புகை கக்கும் காட்சி அந்த நகரத்திலிருந்து மறைந்தது. உரம் இன்னொன்று. யூரியாவுக்கு வேண்டிய அமோனியாவை மீத்தேனிலிருந்துதான் எடுக்கிறோம். வயலில் போடும் மூட்டையில் இருப்பது ஒருவகையில் கத்தார் வாயு. மணலியில் இருக்கும் மெட்ராஸ் உரத் தொழிற்சாலை, எண்ணூரில் எல்.என்.ஜி. முனையம் வந்த 2019இல், பெட்ரோலியத்திலிருந்து வரும் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. அங்கே வாயுவின் போட்டியாளர் சூரியத் தகடு இல்லை, நாப்தா. அதனால் கணக்கும் நேராக நிற்கிறது.

காவிரிப் படுகையில் பேச்சே வேறு. நரிமணம், அடியக்கமங்கலம், குத்தாலம் என்று பல பத்தாண்டுகளாக அங்கே ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் வாயுவும் எடுக்கிறது. கோவில்களப்பாலில் அந்த வாயுவில் ஓடும் சிறிய அரசு மின் நிலையமும் இருக்கிறது. வயலுக்கு நடுவே சுற்றுச்சுவர், உள்ளே இரவு பகல் எரியும் தீ. டெல்டாக்காரர்களுக்குப் பழகிப்போன காட்சி. மன்னார்குடிப் பக்கத்துப் பழுப்பு நிலக்கரிப் படிவத்திலிருந்து மீத்தேன் எடுக்க 2010இல் உரிமம் கொடுத்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேனைப் பிரிக்க, முதலில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். டெல்டாவில் அதைப் போய்ச் சொன்னால்? விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். அந்தப் போராட்டத்துக்கு நடுவில்தான் 2013 டிசம்பர் 30 அன்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் இறந்தார். திட்டம் கைவிடப்பட்டது, எண்ணெய், எரிவாயுப் பணிகளை எதிர்த்து 2017இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் கொதித்தன, 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. பழைய கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. போராடியவர்கள் புவி வெப்பமடைதலைப் பற்றி அதிகம் பேசவில்லை. தண்ணீரையும் மண்ணையும் பற்றித்தான் பேசினார்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று மேலே நான் போட்ட கணக்கில் அந்தத் தண்ணீருக்கு வரியே இல்லை.

உலக அளவில் தொகுத்துப் பார்த்தால், 2011இல் சொன்ன பொற்காலம் ஒரு வகையில் வந்தேவிட்டது. எரிவாயுப் பயன்பாடு 4 லட்சம் கோடி கன மீட்டரைத் தொட்டுவிட்டது. முதன்மை ஆற்றலில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. அமெரிக்கா 2016இல்தான் லூசியானாவின் சபைன் பாஸிலிருந்து முதல் ஷேல் வாயுக் கப்பலை அனுப்பியது, 2023இல் உலகின் முதலிடத்து எல்.என்.ஜி. ஏற்றுமதியாளர் ஆகிவிட்டது. ஆனால் நிலக்கரி விலகிக் கொடுக்கவில்லை. 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் உலக நிலக்கரிப் பயன்பாடு புதிய உச்சம் தொட்டது. ஆற்றல் துறையின் கரியமில வாயு 2023இல் 3,740 கோடி டன்னுக்கு ஏறியது. அட்லாண்டிக் கரையில் எரிவாயு நிலக்கரியை இறக்கிவிட்டு உட்கார்ந்தது. ஆசியாவில் நிலக்கரிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டது.

இன்று எரிவாயுவுக்காக வாதாடுபவர்கள் வேறொரு காரணம் சொல்கிறார்கள்: சூரியன் சாய்ந்த பிறகு யார் வருவார்? கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் எரிவாயுதான் வந்துகொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் ஒரு மாலை, பகலில் நிரப்பிய பேட்டரிகள் சிறிது நேரம் அந்த மாநிலத்தின் மிகப் பெரிய மின்மூலமாக இருந்தன. நாலு மணி நேரத் தேவைக்குப் பேட்டரி போதும் என்பது அங்கே தெரிந்துவிட்டது. காற்றும் வெயிலும் சேர்ந்து ஒரு வாரம் ஏமாற்றினால் போதாது. அந்த வாரத்துக்காக எரிவாயு நிலையத்தை வைத்திருப்பதில் தவறில்லை, எரிப்பது குறைவு என்பதால் கசிவும் குறைவு. தரவு மையங்கள் வந்து இந்த நிதானமான பேச்சைக் கலைத்துவிட்டன. செயற்கை நுண்ணறிவுக்கு இரவு பகல் மின்சாரம் வேண்டும் என்று அமெரிக்க நிறுவனங்கள் டர்பைன்களுக்கு முண்டியடிக்க, அவற்றைச் செய்யும் ஜி.இ. வெர்னோவா, சீமென்ஸ் எனர்ஜி, மிட்சுபிஷி மூன்றிடமும் பல ஆண்டுக் காத்திருப்பு வரிசை. இன்று டர்பைன் கேட்கும் ஏழை நாடு அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

வரிசையில் நிற்காமலே வந்துசேரப்போவது வாயு. கத்தார் தன் வடக்கு வயலை விரிவாக்கி, ஆண்டுக்கு 7.7 கோடி டன்னாக இருக்கும் எல்.என்.ஜி. திறனை 2030க்குள் 14.2 கோடியாக்கத் திட்டமிட்டிருக்கிறது. அதை விற்க நீண்ட கால ஒப்பந்தங்கள் வேண்டும். சீனாவின் சைனோபெக் 2022இல் 27 ஆண்டுக்குக் கையெழுத்திட்டது. இந்தியாவின் பெட்ரோநெட், ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கும் தன் பழைய ஒப்பந்தத்தை 2024 பிப்ரவரியில் புதுப்பித்தது. 2028இல் தொடங்கி 2048வரை ஓடும். இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு விதி இருக்கும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். குஜராத்தின் தஹேஜில் இறங்கும் அந்த வாயு உர ஆலைக்கும் நகர வாகனங்களுக்கும் போகுமானால் வாங்க ஆள் இருக்கும். 15 சதவீத இலக்கைக் காட்ட வேண்டும் என்று மின் நிலையங்களின் தலையில் கட்டினால், அந்த மின்சாரத்தை மாநில மின் வாரியங்கள் பகலில் கூப்பிட்டால்கூட வாங்காது. மாலையில் மட்டும் வாங்கும், அதுவும் பேட்டரியின் விலையைப் பார்த்துவிட்டு.